மூன்றாவது ஸ்பீடில் ஆடிய சிம்னி

அத்தியாயம் 5

இரண்டாவது மாடி திருப்பத்தில் மைக்கின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, நாலு படி உருண்டு, எங்கேயோ போய்ச் சேர்ந்தது.

"மேடம், இது மெக்கானிக் சட்டையா, இல்ல மெக்கானிக்கோட தலையணை உறையா?"

"என் தம்பி சட்டை. அவன் அளவா சாப்பிடுவான்," என்றார் மேடம், நிற்காமல் ஏறியபடி. "டூல்ஸ் பையால வயித்தை மறைச்சுக்க. மேல போனதும் உன் வாய்க்கு ஒரு பூட்டு போடு."

பூட்டு போடுவது நடக்காத காரியம் என்று இருவருக்கும் தெரியும். பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷம் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் அறிவித்தவன் அவன். மைக் என்ற பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதே டிப்போவில், தொலைந்த பொருள்கள் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் மேடம். குடை, கைப்பை, ஒரு தடவை பல்செட் வரைக்கும் உரியவரிடம் சேர்த்திருக்கிறார். இருவரும் டிப்போவை விட்டு வெளியே வந்து, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு மாதம் ஆகிறது.

இன்று காலை அந்த அலுவலகத்துக்கு வந்தவர் ஒரு சமையலக்கா. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பதினோரு வருஷமா ஹெச்.எம். டீச்சர் வீட்டுல சமைக்கிறேங்க. போன ஞாயித்துக்கிழமையிலேருந்து அவங்களோட தங்க வாட்சைக் காணோம். நான் எடுத்துட்டேன்னு சொல்றாங்க. அதே பில்டிங்ல இன்னும் நாலு வீட்டுக்குச் சமைக்கிறேன். டீச்சர் நாலு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. நாலு வீடும் கதவைச் சாத்திடுச்சு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாட்ச் வரலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்."

"போலீஸ்னா பயமா இருக்காக்கா?" என்று கேட்டான் மைக்.

"போலீஸ் வந்தா விசாரிக்கவாவது செய்வாங்க. இவங்க யாருமே என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

மேடம் வழக்கை எடுத்துக்கொண்டது அந்த வார்த்தைக்காக. ஆனால் சமையலக்கா அனுப்பினார் என்று சொன்னால் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று குடைந்து குடைந்து கேட்டபோதுதான், அந்த வீட்டுச் சமையலறையில் புகை இழுக்கும் சிம்னி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேயாட்டம் ஆடுகிறது என்றும், டீச்சர் சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறார் என்றும் சமையலக்கா சொன்னார். மேடத்தின் தம்பி அந்த வட்டாரத்துச் சிம்னி மெக்கானிக். மூன்றரை மணிக்கு அவன் போக வேண்டிய வீடுதான் அது.

தம்பி இரண்டு சட்டையும் ஒரு பையும் கொடுத்தான். கூடவே டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷப் பாடமும் எடுத்தான். "சத்தம் வர்றதுக்கு இருக்கிறதே நாலு இடம். சுவத்துல மாட்டின இடம், ஃபில்டர், வெளிக்குழாய் வாயில ஒரு தகடு, அப்புறம் ஃபேன். சுலபமானதுலேருந்து ஆரம்பிங்க. ஃபேனைத் தொடறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க. மறந்துட்டீங்கன்னா என் சட்டை திரும்பி வராது."

மூன்றாம் மாடிக் கதவைத் திறந்த ஹெச்.எம். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனவர் என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். அவர் பார்த்த முதல் பார்வையிலேயே மைக் தன் நகங்களை மறைத்துக்கொண்டான்.

"மூணு முப்பத்தெட்டு," என்றார் அவர், கூடத்துக் கடிகாரத்தைக் காட்டி.

"மாடி ஏறினதுல எட்டு நிமிஷம் செலவாயிடுச்சு டீச்சர்," என்றான் மைக். மேடத்தின் முழங்கை அவன் விலாவைத் தொட்டது.

கூடத்தில் சாப்பாட்டு மேசை மேல் கோடு போட்ட தாள்கள் இருந்தன. மூன்று பக்கம் முத்து முத்தாக எழுதி, நாலாவது பக்கம் பாதியில் நின்றிருந்தது. புகார்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஹெச்.எம்.மின் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். ரயில்வே பட்டறையில் ஃபோர்மனாக இருந்தவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. இரண்டு மெக்கானிக்குகளைக் கண்டதும் செய்தித்தாள் கீழே இறங்கியது, ஆள் மேலே எழுந்தார்.

"எதுக்கு வீண் வேலை? அந்தச் சிம்னி ஆயுசு முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்கிடலாம்னு நானே சொல்லிட்டிருக்கேன்," என்றார்.

"நாலு வருஷத்துல அதுக்கென்ன ஆயுசு முடியறது? உங்களை வச்சு நான் நாப்பது வருஷம் ஓட்டலையா?" என்றார் ஹெச்.எம்.

ஃபோர்மன் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஆனால் உட்காரவில்லை. சமையலறை வரைக்கும் கூடவே வந்தார்.

அடுப்புக்கு மேலே கறுப்புக் கண்ணாடியும் வெள்ளித் தகடுமாகத் தொங்கிய சிம்னியின் பொத்தானை மேடம் அமுக்கினார். முதல் ஸ்பீடில் முனகல். இரண்டாவதில் கடகடப்பு. மூன்றாவதில் அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன, மேடையில் கிடந்த ஸ்பூன் ஒன்று தானாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்து கீழே குதித்தது.

"பாருங்க! கீழ் வீட்டுக்காரி நான் வீட்டுக்குள்ள மாவு மில்லு வச்சிருக்கேன்னு சொல்றா," என்று சத்தத்துக்கு மேல் கத்தினார் ஹெச்.எம்.

"எப்பலேருந்து டீச்சர் இப்படி?"

"போன ஞாயிறு சாயங்காலத்துலேருந்து. சனிக்கிழமை வரைக்கும் பூனை மாதிரி இருந்தது. வாங்கின நாள்லேருந்து இதைத் திறந்ததுகூட இல்லை. வாராவாரம் ஃபில்டரை மட்டும் அவ கழுவுவா." 'அவ' என்ற சொல்லை அவர் கடித்துத் துப்பினார்.

மைக் வேலையில் இறங்கினான். முதலில் சிம்னியின் பக்கவாட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினான். மாட்டின இடம் தளர்ந்திருந்தால் கை பட்டதும் சத்தம் அடங்கும் என்பது பாடம். சத்தம் அடங்கவில்லை. அவன் கன்னத்துச் சதை ஆடியதுதான் மிச்சம்.

"சுவர் குற்றவாளி இல்லை," என்று அறிவித்தான், டிப்போ குரலில்.

ஃபில்டரைக் கழற்ற ஸ்டூல் தேவைப்பட்டது. ஒரு மர ஸ்டூலைத் தலைகீழாகத் தூக்கி வந்தவன் அதன் அடிப்பகுதியைப் பார்த்து நின்றான். அங்கே வெள்ளைப் பெயின்டில் எறும்பு அளவு எழுத்துகள்: 'கால் இறுக்கியது. 3-ம் தேதி. 4.15 – 4.30.'

"இவருக்கு அது ஒரு வியாதி," என்றார் ஹெச்.எம். "பட்டறையில எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும் தேதி எழுதாம வெளியில விட மாட்டாங்களாம். வீட்டுல ஒரு ஆணி அடிச்சாலும் தேதி, நேரம். அசந்தா என் முதுகுலயும் எழுதிடுவார். அதான் ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்டூல் பக்கமே போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

ஃபோர்மன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

ஃபில்டர் இல்லாமல் ஓட்டியும் ஆட்டம் நிற்கவில்லை. ஃபில்டர் விடுதலை. மேடம் அதைத் துடைத்தபடியே, பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்: "சமைக்கிறவங்க இன்னிக்கு வரலையா டீச்சர்?"

கேட்கக் காத்திருந்தவர் போல ஹெச்.எம். கொட்டிவிட்டார்.

"உங்க பையைப் பத்திரமா வச்சுக்கங்கம்மா, திருட்டு நடந்த வீடு இது. சனிக்கிழமை ராத்திரி பாத்திரம் தேய்க்கிறப்ப வாட்சைக் கழட்டி, அதோ அந்த அலமாரியில வச்சேன். காலையில அப்படியே மறந்துட்டேன். ஞாயிறு அவ எட்டு மணிக்கு வந்தா, ஒன்பதுக்குப் போயிட்டா. ஒன்பதரைக்கு என் பழைய மாணவிகள் கார் அனுப்பியிருந்தாங்க, கூட்டத்துக்குப் போயிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து பாக்கறேன், கூடத்துக் கடிகாரம் நின்னு கிடக்கு, முந்தின நாள் ராத்திரி பன்னெண்டரையிலயே நின்னிருக்கு, காலையில கார் வந்த அவசரத்துல பார்த்தப்பவும் அதே பன்னெண்டரைதான் காட்டுச்சு. சரி, வாட்சுல மணி பாக்கலாம்னு வந்தா, அலமாரி காலி."

"அன்னிக்கு சார் வீட்டுல இருந்தாரா?"

"இவர் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். போன்கூட வச்சுக்க மாட்டார். வீட்டுக்கு ஒரே போன், அது என் பையில." ஹெச்.எம். குரல் திடீரென்று இறங்கியது. "நான் ரிட்டையர் ஆன அன்னிக்கு ஒன்பது கிளாஸ் பிள்ளைங்களும் சேர்ந்து வாங்கிக் கட்டிவிட்டதும்மா அது. முப்பத்திநாலு வருஷ வேலைக்கு என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதைப் போய் எடுத்திருக்கா பாருங்க."

அந்த நொடியில் மைக்குக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அது வேறு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஹெச்.எம். நாலாவது பக்கத்தை முடிக்கக் கூடத்துக்குப் போனார். மணி நாலு பத்து.

அடுத்தது வெளிக்குழாய். பால்கனிச் சுவரில் குழாய் வாய் தெரிந்தது. அதில் காற்றுக்குத் திறந்து மூடும் சின்னத் தகடு. மைக் கைப்பிடிச் சுவரின் மேல் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு அதைப் பிடித்துக்கொள்ள, மேடம் உள்ளே சிம்னியை ஓட்டினார். தகடு சாதுவாக இருந்தது. உள்ளே ஸ்பூன் இரண்டாவது தடவை தற்கொலை செய்துகொண்டது.

"தம்பி," என்றார் ஃபோர்மன், பக்கத்தில் வந்து, மெதுவாக. "ஃபேனை மட்டும் திறக்க வேண்டாம். அது நல்லாத்தான் இருக்கு."

"திறக்காமலே எப்படி சார் தெரியும்?"

"சத்தத்தை வச்சே சொல்லுவேன். பட்டறையில எத்தனை பார்த்திருப்பேன்."

மைக் ஓடி வந்து மேடத்தின் காதைக் கடித்தான். "மேடம், கேஸ் முடிஞ்சுது. வாட்ச் ஃபேனுக்குள்ள இருக்கு! அதான் அது தட்டுது, அதான் இவரு திறக்காதேங்கிறாரு. இவரே ஒளிச்சு வச்சிருக்காரு. பந்தயம் வைக்கிறேன், தோத்தா நாளைக்கு முழுக்கப் பேச மாட்டேன்."

"ஒரு நாள் நிம்மதிக்காகவாவது நீ தோக்கணும்," என்றார் மேடம். பிளக்கைப் பிடுங்கினார்.

உள்மூடியின் ஸ்க்ரூக்கள் பிசுக்கில்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கழன்றன. உள்ளே வட்டக்கூடு மாதிரி ஃபேன். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நட். மைக் பிளையரைப் போட்டு இடப்பக்கமாகத் திருகினான். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினான். இன்னொரு பொத்தான் தெறித்தது, நட் அசையவில்லை. மூன்றாவது முறை கைகால் எல்லாம் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினான்.

"ஐயையோ, வலப்பக்கம் திருப்புப்பா! நட்டைக் கொன்னுடாதே!" என்று அலறினார் ஃபோர்மன்.

அலறிய வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார். மேடம் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

மைக் வலப்பக்கம் திருப்பினான். நட் சொன்ன பேச்சைக் கேட்டது. கூடு கையோடு வந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தான், தட்டினான், விரலை விட்டுத் துழாவினான், டார்ச் அடித்துப் பார்த்தான்.

வாட்ச் இல்லை. ஒரு தூசிகூட இல்லை.

"நாளைக்கு முழுக்க," என்று நினைவுபடுத்தினார் மேடம்.

"தோத்தது கிடக்கட்டும் மேடம், இது என்ன அநியாயம்?" மைக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பினான். "நாலு வருஷம் எண்ணெய்ப் புகை குடிச்ச ஃபேன். தொட்டா கை ஒட்டணும். இது கடையில வச்சு விக்கிற மாதிரி மினுங்குது. வாட்ச் திருடு போய்க் கேட்டிருக்கேன். அழுக்கு திருடு போய் இப்பத்தான் பாக்கறேன்."

மேடம் தம்பிக்கு போன் போட்டார். "அழுக்குப் பிடிச்சா ஒரு பக்கம் கனமாகி ஆடும்னியே. இது சுத்தமா இருக்குடா. சுத்தமா இருந்தும் ஆடுது."

"பிளேடுல சின்னதா ஒரு தகரக் கிளிப் இருக்கா பாருக்கா, நகத்தளவுதான் இருக்கும். எடை ஒரே மாதிரி இருக்கணும்னு கம்பெனியிலேயே மாட்டி அனுப்புவாங்க. தெரியாம கழுவுறவங்க அதை ஏதோ ஒட்டிக்கிட்ட குப்பைன்னு எடுத்துடுவாங்க. அதோட ஆட ஆரம்பிச்சுடும். எங்க ஆளுங்க யாரும் அதைத் தொட மாட்டாங்க."

மேடம் விரல் நுனியால் பிளேடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். நகத்தளவு சதுரமாக, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் மங்காமல் பளிச்சென்று இருந்தது. அங்கே வருஷக்கணக்காக ஏதோ உட்கார்ந்திருந்து, சமீபத்தில் எழுந்து போயிருக்கிறது.

"இதைக் கழட்டினவருக்கு, எதிர்ப்பக்கம் திரும்புற நட்டைக் காயம் படாம எடுக்கத் தெரியும். ஆனா கிளிப் எதுக்குன்னு தெரியாது," என்றார் மேடம், யாரையும் பார்க்காமல். "மெஷின் தெரிஞ்சவர், சிம்னி தெரியாதவர். மைக், டார்ச்சை உள்ளே அடி. அந்தப் பக்கவாட்டுத் தகட்டுல."

மைக் அடித்தான். கூடு இருந்த குழிக்குள்ளே, வெளியிலிருந்து எவரும் பார்க்க முடியாத மூலையில், வெள்ளைப் பெயின்டில் எறும்பு எழுத்துகள்.

'ஃபேன் கழற்றிச் சுத்தம். 14-ம் தேதி, ஞாயிறு. 10.20 – 11.45.'

"எழுதாம மூட முடியலையா சார்?" என்று கேட்டார் மேடம்.

ஃபோர்மன் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷப் பழக்கம்மா. தேதி போடாம மூடினா எனக்குத் தூக்கம் வராது." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆமா, நான்தான் கழுவினேன். அவளுக்குக் குடுத்த சத்தியத்தை மீறி ஸ்டூல்ல ஏறினேன். அதை மறைச்சேன். அவ்வளவுதான். சிம்னியைக் கழுவுறது குத்தமா?"

மைக்குக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாட்சைத் தேடி வந்த இடத்தில் ஒரு கிழவரின் சுத்தப் பைத்தியத்தைக் கண்டுபிடித்ததுதான் லாபமா என்று அவன் சோர்ந்து போனான். மணி நாலு முப்பத்தைந்து.

"குத்தமில்லை சார்," என்றார் மேடம். "ஆனா எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு கூடத்துக் கடிகாரம் நின்னு போயிருந்தது. போன் டீச்சர் கூட்டத்துல இருந்தது. உங்க கையில வாட்ச் கட்டின தடமே இல்லை. பின்ன பத்து இருபது, பதினொண்ணு நாப்பத்தஞ்சுன்னு எதைப் பார்த்து எழுதினீங்க?"

ஃபோர்மனின் முகம் வெளுத்தது.

"சமையலக்கா ஒன்பதுக்குப் போயிட்டாங்க," என்றார் மேடம். "பத்து இருபதுக்கு இந்தச் சமையலறையில ஒரு வாட்ச் ஓடிக்கிட்டிருந்திருக்கு."

"நீங்க மெக்கானிக் இல்லை," என்றார் ஃபோர்மன்.

"இல்லை. அந்த அக்கா அனுப்பின ஆளுங்க. கீழே படிக்கட்டுல உட்கார்ந்திருக்காங்க."

அதைக் கேட்டதும் அந்த மனிதர் உடைந்துவிட்டார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கொதிக்கிற தண்ணியில வாஷிங் சோடா போட்டு, இருபது நிமிஷம் ஊற வைக்கணும். ஒரு நிமிஷம் கூடினா பெயின்ட் போயிடும். அதுக்கு மணி வேணுமே. அலமாரியில அவ வாட்ச் இருந்தது. எடுத்து, வாளிக்கு மேல கொக்கியில மாட்டினேன். ஃபேனைத் தூக்கறப்ப கை தட்டி உள்ளே விழுந்துடுச்சு. சோடாத் தண்ணியில டயல் எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சும்மா, முள்ளு மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது, அதை வச்சுத்தான் முடிச்ச நேரத்தை எழுதினேன். மறுநாளே வாட்ச் கடைக்காரன்கிட்ட கொடுத்தேன். வேற டயல் வரவழைக்கணும், திங்கள்கிழமை ஆகும்ங்கிறான். சரிபண்ணிக் கொண்டாந்து சோபாவுக்கு அடியில போட்டுட்டு, இதோ கிடக்குன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

"அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரியே சொல்லியிருக்கலாமே சார்," என்றான் மைக். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"சொல்றதுக்கு வாயைத் திறந்தேன் தம்பி. அதுக்குள்ள அவ அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிட்டா. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு." அவர் தலையை நிமிர்த்தினார். "புகாரை மட்டும் திங்கள்கிழமை வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கம்மா. வாட்ச் கிடைச்சுட்டா எல்லாம் சரியாயிடும் இல்லையா?"

"வாட்ச் சோபாவுக்கு அடியில கிடைச்சுடும். அவங்க பேரு எதுக்கு அடியில சார் கிடைக்கும்? மாட்டிக்குவோம்னு பயந்து அவளே கொண்டாந்து போட்டுட்டான்னுதான் சொல்லுவாங்க." மேடம் கையை நீட்டினார். "கிளிப்பைக் குடுங்க. நீங்க எதையும் தூக்கிப் போடற ஆள் இல்லை."

ஃபோர்மன் ஸ்க்ரூ டப்பாவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பொட்டலத்தின் மேலும் தேதி இருந்தது.

மைக் கிளிப்பைப் பளிச்சென்ற இடத்தில் செருகி, கூட்டை மாட்டி, நட்டை இடப்பக்கமாக இறுக்கி, மூடியைப் போட்டான். பிளக்கைச் சொருகி மூன்றாவது ஸ்பீடை அமுக்கினான். காற்று மட்டும் இழுத்தது. தட்டுகள் வாயைத் திறக்கவில்லை, ஸ்பூன் போட்ட இடத்தில் கிடந்தது.

சத்தம் நின்றதுதான் கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். ஹெச்.எம். வாசலில் வந்து நின்றார், கையில் மடித்த புகாரோடு. வெளியே கிளம்பத் தயாராகியிருந்தார்.

"அட, நின்னுடுச்சே! என்னம்மா கோளாறு?"

"சார் சொல்லுவார்," என்றார் மேடம்.

ஃபோர்மன் எழுந்து நின்றார். சிம்னியை நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், ஸ்டூலில் ஏறியதிலிருந்து கடைக்காரன் வரைக்கும், ஒரு நிமிஷம் கூட்டாமல் குறைக்காமல். ஹெச்.எம். வாசலிலேயே நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் புகாரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். மைக்குக்கு அவர் திட்டினால் தேவலை போல இருந்தது.

"திங்கள்கிழமை அவ இங்க நின்னு, என் காலைத் தொட்டு, நான் எடுக்கலை டீச்சர்னு அழுதா," என்றார் கடைசியில். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பால்கனியில."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

ஹெச்.எம். நாலு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார். கிழிக்கவில்லை. கணவரின் சட்டைப் பையில் மடித்துச் செருகினார். "இதை நீங்க வச்சுக்குங்க. தினம் ஒரு தடவை படிங்க," என்றார். சமையலக்கா கீழே காத்திருப்பதை மேடம் சொன்னதும் மாடிப்படியில் இறங்கிப் போனார்; மேடமும் மைக்கும் பின்னாலேயே போனார்கள்.

கீழ்ப் படிக்கட்டில் சமையலக்கா எழுந்து நின்றார். தன் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். ஹெச்.எம். மூன்று படி மேலேயே நின்றார். வகுப்பில் பேசியே பழகிய வாய், இப்போது இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் தடுக்கியது.

"நான் தப்புப் பண்ணிட்டேன். வாட்சை நீ எடுக்கலை. அவர்தான்... வீட்டுலேயேதான் நடந்திருக்கு. நாளைக்குக் காலையிலேருந்து வந்துடு. எல்லாத்தையும் மறந்துடு."

சமையலக்காவின் கண் நிறைந்தது. ஆனால் தலை ஆடவில்லை.

"நீங்க நாலு வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னீங்க டீச்சர்."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போன் வேண்டாம். நேர்ல வாங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், என் எதிரிலயே சொல்லுங்க."

முப்பத்திநாலு வருஷம் மற்றவர்களைத் தன் அறை வாசலில் நிற்கவைத்த அம்மாள், அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஹெச்.எம். படிக்கட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். பிறகு மீதி மூன்று படியும் இறங்கி, முதல் மாடி நோக்கிக் கையைக் காட்டினார். "வா."

முதல் வீட்டு மணியை அவரே அடித்தார். கதவைத் திறந்த பெண் ஹெச்.எம்.மைப் பார்த்துச் சிரித்து, சமையலக்காவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"திருடினது இவங்க இல்லை," என்றார் ஹெச்.எம். குரல் மாடி முழுக்கக் கேட்டது. "யாருமே திருடலை. என் வீட்டுக்காரர் கையால பாழானது. விசாரிக்காம பேரைக் கெடுத்தது நான். உங்ககிட்டயும் பொய்யான சேதியைச் சொல்லிட்டேன்."

"அச்சச்சோ, அதனால என்ன டீச்சர்," என்றாள் அந்தப் பெண், நிம்மதியாக. ஆறு நாளாகத் தானே சமைத்துக் களைத்திருந்தாள். "இது எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். நாளையிலேருந்து அவங்களை வரச் சொல்லிடுங்க."

ஹெச்.எம். சரி என்று சொல்ல வாயெடுத்தார். சமையலக்கா ஓர் அடி முன்னால் வந்து நின்றார்.

"அவங்ககிட்ட ஏங்க சொல்றீங்க? நான் இங்கதானே நிக்கிறேன். என்னைக் கேளுங்க."